கடைசியாக வற்றும் தண்ணீர் எது? வன்னியில் காட்டுயிர் வாழிடத் திட்டம் போடப் புதிதாக வருவோருக்கு

ஆவணிக் கடைசியில், சோளகக் காற்று ஓயாமல் அடிக்கிற ஒரு மத்தியானத்தில், இலங்கையின் வடக்கே வன்னிக் காட்டுக்குள் இருக்கும் ஒரு மோட்டையின், அதாவது சிறு நீர்நிலையின், ஓரத்தில் நின்று பாருங்கள். மாரியில் இடுப்பளவு தண்ணீர் நின்ற இடத்தில் இப்போது ஒரு பாய் விரிக்கிற அகலத்துக்குப் பச்சைத் தண்ணீர் மட்டும் கிடக்கும். சுற்றிவர வெடித்த சேறு. அந்தச் சேற்றில் மரையின் குளம்படி, அதன்மேல் பன்றி கிண்டிய கிண்டல், அதற்கும் மேலே சுளகு அகலத்தில் யானைப் பாதம். நாணல் பக்கமாக, வீட்டுப் பூனையின் காலடியைவிடப் பெரிய ஒரு காலடி தண்ணீருக்குள் இறங்கி, வேறு இடத்தால் ஏறிப் போயிருக்கும். அது கொடுப்புலி, மீன்பிடிப் பூனை என்றும் சொல்வார்கள். இத்தனை உயிரும் ஒரே இரவில் அந்தப் பாயளவு தண்ணீருக்கு வந்துபோயிருக்கின்றன.

வன்னியில் அருகிவரும் உயிர்களுக்காக ஏதாவது செய்ய வேண்டும் என்று வரும் இளையவர்கள் பலர் விலங்கிலிருந்து தொடங்குகிறார்கள். யானைக்கு என்ன செய்யலாம், கரடிக்கு என்ன செய்யலாம் என்று கேட்கிறார்கள். நான் அவர்களைத் தண்ணீரிலிருந்து தொடங்கச் சொல்கிறேன். மிக மோசமான ஆண்டின் மிக மோசமான மாதத்தில் உங்கள் பகுதியில் எங்கே தண்ணீர் மிஞ்சுகிறது, அதற்குப் போகும் வழி திறந்திருக்கிறதா? இந்த இரண்டுக்கும் பதில் தெரிந்தால் திட்டத்தில் பாதி முடிந்துவிடும். காலநிலை மாறி, மழை ஒரேயடியாகக் கொட்டுவதும் பிறகு மாதக்கணக்கில் இல்லாமல் போவதும் வழமையாகிக்கொண்டு வரும் நாளில், இந்தக் கேள்விக்கு இன்னும் கனம் கூடியிருக்கிறது.

காட்டுக்குள் கால் வைக்க முன்

முதலாவது மிதிவெடி. இது வன்னி. போர் முடிந்து இத்தனை ஆண்டுகளாகியும் வெடி அகற்றாத இடங்கள் இருக்கின்றன. மண்டையோடு போட்ட சிவப்புப் பலகை கண்டால் அதற்கு அப்பால் ஓர் அடியும் வைக்காதீர்கள். பலகை இல்லாத இடத்திலும், ஊரவர் வழமையாகப் போகாத ஒற்றையடிப் பாதையில் நீங்கள் முதல் ஆளாகப் போக வேண்டாம். வெள்ளம் வந்த பிறகு ஆற்றோரங்களில் இன்னும் கவனம் வேண்டும். வெள்ளம் மண்ணை அரிக்கும், புதைந்ததை இடம் மாற்றும். எந்த விலங்கின் படமும் ஒரு காலுக்கு ஈடாகாது.

இரண்டாவது அனுமதி. தேசியப் பூங்காவும் சரணாலயமும் வனஜீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களத்தின் கீழ் வருகின்றன. ஒதுக்குக் காடுகள் வனவளப் பாதுகாப்புத் திணைக்களத்தின் கீழ் வருகின்றன. குளமும் அதன் ஒதுக்கு நிலமும் நீர்ப்பாசனத் திணைக்களத்துக்கோ கமநல அபிவிருத்தித் திணைக்களத்துக்கோ உரியவை. கமெரா பொருத்துவதாக இருந்தாலும் மாதிரி எடுப்பதாக இருந்தாலும் எழுத்தில் அனுமதி கேளுங்கள்.

மூன்றாவதுதான் பெரியது: ஊரவரின் நம்பிக்கை. இடம்பெயர்ந்து போன குடும்பங்களின் வயலும் மேட்டுக்காணியும் பல வருடம் கவனிப்பாரின்றிக் கிடந்து பற்றையாகி, பிறகு காடாகத் தெரிந்து, சில இடங்களில் வரைபடத்திலும் காடாகவே பதியப்பட்டுவிட்டன. திரும்பி வந்தவர் தன் பேரனார் வெட்டிய வயலுக்குள் போக முடியாமல் நிற்கிறார். அப்படியான ஊருக்குள் நீங்கள் ஜிபிஎஸ்ஸும் வரைபடமுமாகப் போய் இறங்கினால், அடுத்த எல்லைக் கல்லு எங்கே விழப்போகிறது என்றுதான் பார்ப்பார்கள். அவர்கள் பயம் நியாயமானது. ஆகவே முதல் கூட்டத்திலேயே சொல்லிவிடுங்கள்: யாருடைய உறுதிக் காணியையும், அனுமதிப்பத்திரக் காணியையும் இந்த வரைபடத்தில் காடாகக் காட்ட மாட்டோம். சொன்னதோடு நிற்காமல் அதை எழுதிக் கையெழுத்தும் வையுங்கள். இதைச் செய்யாமல் போடுகிற திட்டம் ஒரு மாரிக்கும் நிற்காது.

எல்லை: ஒரு குளத்தொடர் போதும்

மாவட்டம் முழுவதற்கும் திட்டம் போட ஆசைப்படாதீர்கள். ஓர் ஆற்றின் கிளை, அதில் மேலிருந்து கீழாக ஒன்றுக்குள் ஒன்று வடியும் நாலைந்து சிறு குளங்கள், அவற்றின் நீரேந்துக் காடு, கீழே வயல்வெளி. இந்த அளவு போதும். ஒரு குளத்தின் வான் (மிகைநீர் வழியும் இடம்) பாய்ந்தால் அடுத்த குளம் நிரம்பும். அந்தத் தொடர்தான் இயற்கை போட்ட எல்லை. கனகராயன் ஆறு இரணைமடுவுக்கும், பேராறு முத்தையன்கட்டுக்கும் தண்ணீர் கொண்டுவருகின்றன. அவற்றுக்குள் வந்து சேரும் சிறு ஆறு ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள்.

அறிவிக்கப்பட்ட காப்பிடங்கள் எவை என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். சுண்டிக்குளம் 1938இல் சரணாலயமாகி 2015இல் தேசியப் பூங்காவானது. மடு வீதித் தேசியப் பூங்காவும் 2015இல் வந்ததுதான். கட்டுக்கரைக்குளம் 1954 முதல் சரணாலயம். வங்காலை 2008இல் சரணாலயமாகி, 2010இல் உலக முக்கியத்துவம் பெற்ற ராம்சார் ஈரநிலமும் ஆனது. இவையெல்லாம் நல்ல தொடக்கங்கள். ஆனால் காகிதத்தில் வரைந்த எல்லை நகராது, தண்ணீர் நகரும். நாடு தழுவிய ஆய்வு ஒன்று 2019இல் வெளியானது. இலங்கையின் நிலப்பரப்பில் ஏறக்குறைய 60 சதவீதத்தில் யானை உலாவுகிறது, அந்த யானை நிலத்தில் ஏறக்குறைய 70 சதவீதத்தில் மனிதரும் குடியிருக்கிறார்கள் என்று அது காட்டியது. ஆகவே பூங்காவுக்குள் மட்டும் திட்டம் போட்டால் யானையின் பெரும்பாலான நாட்கள் திட்டத்துக்கு வெளியே போய்விடும்.

மூன்று உயிர்களைத் தெரிவு செய்யுங்கள்

எல்லா உயிருக்கும் தனித்தனித் திட்டம் போட யாராலும் முடியாது. மூன்று வேறுபட்ட தேவை உள்ள மூன்று உயிர்களை எடுத்தால், அவற்றின் நிழலில் மற்றவையும் வரும்.

தூரம் நடக்கும் உயிர் ஒன்று வேண்டும். அது யானை. உலகச் செம்பட்டியலில் அருகிய இனம். வளர்ந்த யானை நாளொன்றுக்கு 100 லீற்றருக்கு மேல் தண்ணீர் குடிக்கும். கோடையில் அதன் நடை முழுவதும் தண்ணீரிலிருந்து தண்ணீருக்கான நடைதான்.

நீரோரத்தை விட்டு விலகாத உயிர் ஒன்று வேண்டும். கொடுப்புலி பொருத்தம். மீன்பிடிப் பூனை என்றும் சொல்வார்கள். ஆளுயர நாணலும் பற்றையும் மீனும் இருந்தால் அது ஊருக்கு மிக அருகில்கூட வாழும். குளக்கரையைச் “சுத்தம்” செய்து பற்றையை வழித்துவிட்டால் அடுத்த கிழமையே போய்விடும்.

மூன்றாவது, காட்டின் வயதைச் சொல்லும் உயிர். கரடியையோ அழுங்கையோ (எறும்புதின்னி) எடுக்கலாம். இரண்டும் கறையான் தின்பவை. அழுங்கும் அருகிய இனந்தான். செதிலுக்காகவும் இறைச்சிக்காகவும் பிடித்துப் பிடித்தே குறைந்துபோனது. கரடிக்குக் கறையானோடு பாலைப்பழமும் வீரைப்பழமும் தேனும் வேண்டும். பாலை ஒரு வருடம் கொட்டோ கொட்டென்று கொட்டும், அடுத்த வருடம் பேருக்குக் காய்க்கும். மழையும் வெயிலும் முறை மாறினால் பூவும் பழமும் முறை மாறும். பழம் குறைந்த வருடத்தில் கரடியும் பழம் பொறுக்கப் போகிற சனமும் ஒரே மரத்தடியில் சந்திப்பார்கள். வன்னியில் கரடி கடித்த தழும்போடு இருப்பவர்களைக் கேளுங்கள், பலர் பாலைப்பழக் காலத்துக் கதையைத்தான் சொல்வார்கள்.

கடலோரத்தில் வேலை செய்கிறவர்கள் நந்திக்கடல், நாயாறு, கொக்கிளாய், சுண்டிக்குளம் பக்கத்துப் பறவைகளையும் கடலாமையையும் எடுக்கலாம். அங்கே வேறு கணக்கு. ஆமை முட்டை கிடக்கும் மணலின் சூடே குஞ்சு ஆணா பெண்ணா என்பதைத் தீர்மானிக்கிறது. சூடு கூடக் கூடப் பெண் குஞ்சுகள் பெருகும். கரையோர நிழல் மரத்தையும் மணல் மேட்டையும் காப்பது அங்கே முதல் வேலை. இந்தக் கட்டுரை உள்நாட்டுக் காட்டைப் பற்றியது என்பதால் அதை இத்தோடு விடுகிறேன்.

கேட்பதற்கு ஒரு மாதம்

ஊர்ப்பெயர்களிலிருந்து தொடங்குங்கள். கிளிநொச்சியில் கரடிப்போக்குச் சந்தி, ஆனைவிழுந்தான். வவுனியாவில் பன்றிக்கெய்தகுளம், மரையடித்தகுளம். வடக்கே ஆனையிறவு. எந்த உயிர் எதால் போனது, எங்கே இறங்கியது என்பதை முன்னோர் பெயராக வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். இவற்றை ஒரு வரைபடத்தில் புள்ளி வைத்துப் பாருங்கள். பழைய நடைபாதையைப் பற்றி நல்ல கேள்விகள் பிறக்கும்.

அப்புறம் காட்டோடு பழகினவர்களிடம் போங்கள்: பட்டி மாடு மேய்க்கிறவர்கள், தேன் எடுக்கிறவர்கள், குளத்து மீனவர்கள், விறகுக்கும் பழத்துக்கும் போகும் பெண்கள், வயலுக்குத் தண்ணீர் பங்கிடும் வட்டவிதானையார். “இங்கே என்ன விலங்கு இருக்கிறது” என்று கேட்டால் எல்லாரும் யானை, கரடி என்று முடித்துவிடுவார்கள். வேறு மாதிரிக் கேட்க வேண்டும். கடைசியாக வற்றும் மோட்டை எது? எந்த வருடம் அதுவும் வற்றியது? அப்போது மாட்டை எங்கே சாய்த்தீர்கள்? மாடு போன இடத்துக்கு வேறு எது வந்தது?

முதல் முறை நான் ஒரு பட்டிக்கார ஐயாவிடம் யானை ஏன் ஊருக்குள் வருகிறது என்று கேட்டேன். அவர் மாட்டுக்குக் கயிறு திரித்துக்கொண்டே சொன்னார்: “தம்பி, அது உங்கட வாழைக்கு வாறதெண்டு நினைக்கிறியள். அது தண்ணிக்கு வருது. வழியில வாழை நிக்குது.” அந்த ஒரு வாக்கியம் எனக்கு எந்த அறிக்கையும் தராத தெளிவைத் தந்தது.

கேட்டதையெல்லாம் எழுதும்போது வருடத்தை ஊர்க் கணக்கில் குறியுங்கள்: “மகள் சாமத்தியப்பட்ட வருடம்”, “முகாமிலிருந்து வந்த அடுத்த கோடை”. வருட எண்ணை வீட்டுக்கு வந்து கணக்குப் பார்க்கலாம். கம்பிச் சுருக்கு, கட்டுத்துவக்கு, வெங்காயவெடி போன்ற வேட்டைப் பொறிகள் பற்றி யாராவது சொன்னால் பெயரை எழுதாதீர்கள். இடத்தை மட்டும் குறியுங்கள்.

நீர் நாட்காட்டி

இது திட்டத்தின் முதுகெலும்பு. இரண்டு வழியாலும் செய்யுங்கள்.

ஒன்று, வானத்திலிருந்து. சென்ரினல்-2 செய்மதிப் படங்கள் இலவசம். 10 மீற்றர் நுணுக்கம், ஏறக்குறைய ஐந்து நாளுக்கு ஒரு படம், 2015 தொடக்கம் சேமிப்பில் இருக்கின்றன. 2016இல் தொடங்கி 2017இலும் நீடித்த பெரும் வறட்சி ஞாபகம் இருக்கும். 2017 ஓகஸ்ட், செப்டெம்பர் படங்களைத் திறந்து, உங்கள் குளத்தொடரில் அன்றைக்கும் நீலமாக நிற்கும் இடங்களைக் குறியுங்கள். கோடையில் முகில் குறைவு, படம் தெளிவாக இருக்கும். அந்த வறட்சியைத் தாங்கி நின்ற தண்ணீர்தான் உங்கள் திட்டத்தின் நெஞ்சு. நான் இதை முதல் முறை செய்தபோது ஒன்றைக் கண்டேன். பெரிய குளம் என்று நாங்கள் நம்பியிருந்தது வெறும் மண்ணாகக் கிடந்தது. ஆற்றின் ஒரு வளைவில், மருத மரங்கள் கவிந்த ஒரு மடு மட்டும் கறுப்பாகத் தெரிந்தது. பட்டிக்கார ஐயா சொன்ன மடுவும் அதேதான்.

மற்றது, தரையிலிருந்து. ஒவ்வொரு நீர்நிலையிலும் ஓர் உறுதியான கட்டையை நட்டு, அரை அடிக்கு ஒரு கோடு போட்டு மை பூசுங்கள். முதிரைக் கட்டை கிடைத்தால் கறையானுக்குத் தாக்குப் பிடிக்கும். மாதம் இருமுறை, ஒரே இடத்தில் நின்று, ஒரே திசையில் கைபேசியில் ஒரு படம். நீர்மட்டம், திகதி, கண்ட காலடிகள், மாட்டு எண்ணிக்கை. இவ்வளவும் ஒரு கொப்பியில் ஒரு வரியில் அடங்கும். பெரிய குளங்களில் அளவுகோல் ஏற்கெனவே இருக்கும், நீர்ப்பாசனத் திணைக்களத்தில் அடிக்கணக்கு கேட்டு வாங்கலாம். கட்டையை மாரி வர முன் நட வேண்டும். வற்றிய நிலத்தில் நடுவது சுலபம், ஆழமான இடமும் அப்போதுதான் தெரியும்.

கெட்ட ஆண்டுகளுக்காகத் திட்டம் போடுவது

காலநிலை எதிர்வுகூறல் என்றதும் கணினி மாதிரிகள் வேண்டும் என்று பயப்படாதீர்கள். வன்னி ஏற்கெனவே பார்த்துவிட்ட ஆண்டுகளே போதும். அவை இன்னும் அடிக்கடி வரும் என்று வைத்துக்கொண்டு யோசியுங்கள்.

முதலாவது காட்சி 2016–2017 போன்ற வறட்சி. மாரி பொய்க்கிறது, அடுத்த கோடை அதன்மேல் ஏறுகிறது. அப்போது யானை எங்கே போகும்? பட்டி மாடுகள் அதே இடத்துக்குத்தானே போகும்? காட்டுத்தீ எந்தப் பக்கத்தால் வரும்?

இரண்டாவது காட்சி 2018 டிசம்பர் போன்ற வெள்ளம். கிளிநொச்சியும் முல்லைத்தீவும் இரவோடிரவாகத் தண்ணீருக்குள் போன நாட்கள் அவை. அப்போது தரையில் வளை வைத்திருக்கும் அழுங்கு எங்கே ஏறும்? நாணலுக்குள் குட்டி போட்ட கொடுப்புலிக்கு மேட்டு நிலம் எது? வெள்ளத்தில் உடைந்த சிறு குளத்துக் கட்டு அடுத்த கோடைக்கு முன் திருத்தப்படாவிட்டால், ஒரே வருடத்தில் வெள்ளமும் வறட்சியும் இரண்டும் அதே உயிரைத் தாக்கும்.

மூன்றாவதையும் சேருங்கள். 2022 டிசம்பரில் மாண்டூஸ் புயலோடு வந்த குளிர்காற்றில் வடக்கிலும் கிழக்கிலும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கால்நடைகள் செத்து விழுந்தன. மேய்ச்சலில் மெலிந்து, ஒதுங்க இடமில்லாமல் மழையில் நின்றவை. வாடையைத் தடுக்கும் அடர்ந்த காடு ஒதுங்கிடமாகவும் தேவை என்பதை அந்த நாட்கள் காட்டின.

ஒவ்வொரு காட்சிக்கும் ஒரே கேள்வியைக் கேளுங்கள்: இந்த உயிர் இங்கிருந்து அங்கே போக வேண்டும் என்றால், இடையில் என்ன நிற்கிறது?

வரைபடத்தில் மூன்று நிறம்

பெரிய கடதாசியில் குளத்தொடரை வரைந்து, ஊர்க்கூட்டத்தில் விரித்து வையுங்கள். பச்சை: அடைக்கலம். வறட்சியிலும் நிற்கும் தண்ணீர், அதைச் சுற்றிய காடு, வெள்ளத்துக்கு ஏறக்கூடிய மேடு. மஞ்சள்: போக்குவழி. ஆற்றங்கரை மருத வரிசை, குளத்திலிருந்து குளத்துக்குப் போகும் பற்றைக்காடு, வீதியைக் கடக்கும் இடம். சிவப்பு: உரசல். வயல் ஓரம், கட்டில்லாக் கிணறு, குப்பைமேடு, ரயில் பாதை.

நிறத்தைப் போடுகிறவர்கள் ஊரவராக இருக்கட்டும். நீங்கள் பென்சிலோடு பக்கத்தில் இருங்கள். ஒரு கூட்டத்தில் பெரியம்மா ஒருவர் எழுந்து வந்து, நாங்கள் மஞ்சள் போட்டிருந்த இடத்தை அழித்து, “அதால இப்ப யானை வாறேல்லை, மதில் வந்திட்டுது” என்று புதிய கோடு போட்டார். எங்கள் செய்மதிப் படத்தில் அந்த மதில் இல்லை.

செய்ய வேண்டியதும் செய்யக் கூடாததும்

முதலில் கூடாததைச் சொல்கிறேன், ஏனென்றால் அதை நாங்களே செய்தோம். ஒரு கடும் கோடையில், ஊர் எல்லையிலிருந்து அரை மைலுக்குள் விலங்குகளுக்கென்று ஒரு கேணி வெட்டி, பவுசரில் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றினோம். எல்லாரும் மகிழ்ந்தோம். மூன்றாம் கிழமை யானைகள் வந்தன. தண்ணீர் குடித்தன. பிறகு ஊருக்குள் வந்தன. ஒரு குடும்பம் மூன்று வருடம் வாளியால் தண்ணீர் ஊற்றி வளர்த்த தென்னம்பிள்ளைகள் ஒரே இரவில் குருத்தோடு போயின. அந்த வீட்டு அம்மா எங்களைத் திட்டவில்லை. முறிந்த பிள்ளைகளை ஒவ்வொன்றாக நிமிர்த்திப் பார்த்துக்கொண்டிருந்தார். அது திட்டியதைவிடக் கனமாக இருந்தது. பவுசர் தண்ணீர் நின்றதும் கேணியை நம்பி வந்தவை கிணறுகளைத் தேடத் தொடங்கின. செயற்கைத் தண்ணீர் வைத்தால் உள்காட்டில், ஊரிலிருந்து தூரத்தில், தொடர்ந்து நிற்கக்கூடியதாக வைக்க வேண்டும். முடியாவிட்டால் வைக்காமல் விடுவது நல்லது.

புதிய கேணியைவிடப் பழைய மோட்டையைத் தூர் எடுப்பது மேல். தூர் எடுக்கும்போதும் முழுவதையும் சட்டி மாதிரிக் குடையாதீர்கள். ஒரு பக்கம் ஆழம், மற்றப் பக்கம் சரிவு. அப்போதுதான் குட்டி விழுந்தாலும் ஏறி வரும். குளத்தொடரில் கைவிடப்பட்ட சிறு குளங்கள் இருந்தால், எல்லாவற்றையும் வயலுக்காகத் திருத்தக் கேட்காமல், மேலேயுள்ள ஒன்றைக் காட்டுக்கு விட்டுக்கொடுக்க ஊரைச் சம்மதிக்க வையுங்கள். மேல்குளத்தில் வண்டல் தங்கினால் கீழ்க்குளத்துக்கும் நல்லது. கமக்காரருக்கு இந்தக் காரணம் உடனே விளங்கும்.

அலைகரையைக் காப்பாற்றுங்கள். குளம் நிரம்பும்போது தண்ணீர் போய்த் தொடும் மேற்கரை அது. கோடையில் அதில் பசும்புல் முளைக்கும். யானை, மரை, மான், பட்டி மாடு எல்லாம் அந்தப் புல்லை நம்பித்தான் இருக்கின்றன. அலைகரையை அடைத்துப் பயிர் செய்தால், புல்லை இழந்த யானை அடுத்ததாக வயலைத்தான் பார்க்கும்.

மரம் நடுவதற்கு அவசரப்படாதீர்கள். வேர் உள்ள பற்றைக்காட்டைச் சுற்றித் தீத்தடுப்புப் பாதை வெட்டி, வெட்டாமல் விட்டாலே பாலையும் வீரையும் முதிரையும் தானாக எழும்பும். பறவையும் கரடியும் விதை கொண்டுவரும். தேக்குத் தோட்டம் கண்ணுக்குப் பச்சையாகத் தெரியும், ஆனால் கரடிக்கு அதில் பழம் இல்லை. நட வேண்டிய இடம் ஆற்றங்கரை. அரித்துப்போன கரையில் மருது, நாவல். காட்டோரம் துப்புரவாக்கும்போது புற்றுகளை இடிக்காமல் விடச் சொல்லுங்கள், கரடிக்கும் அழுங்குக்கும் அதுதான் சமையலறை. பார்த்தீனியமும் நாயுண்ணியும் குளத்து ஆகாயத்தாமரையும் பூக்க முன் பிடுங்கப்பட வேண்டும். பார்த்தீனியம் தோலில் ஒவ்வாமை தரும், கையுறை போடுங்கள்.

மின்வேலி பற்றிக் கட்டாயம் கேட்பார்கள். காட்டுக்கும் காட்டுக்கும் நடுவே, இரண்டு திணைக்களங்களின் எல்லைக் கோட்டில் வேலி போட்டால் யானை இரு பக்கமும் நிற்கும், வேலிக்கு வேலையில்லை. ஊரைச் சுற்றி ஊரவரே பராமரிக்கும் வேலியும், வயலைச் சுற்றிப் போகக் காலத்துக்கு மட்டும் போட்டு அறுவடை முடிந்ததும் கழற்றும் வேலியும்தான் பலன் தருகின்றன. 2020 டிசம்பரில் கையளிக்கப்பட்ட மனித–யானை மோதல் தணிப்புத் தேசியச் செயற்திட்டமும் இந்த வழியைத்தான் முன்வைத்தது. கழற்றுவதில் ஒரு நுட்பம் இருக்கிறது: கோடையில் வயலில் மிஞ்சும் தாளும் புல்லும் யானைக்குத் தீனியாகின்றன, காட்டின் சுமை குறைகிறது. வேலியில் வீட்டு மின்சாரத்தை நேரடியாகக் கொளுவுவது கொலை. யானையும் சாகும், மனிதரும் சாவார்கள்.

கட்டில்லாக் கிணறுகளுக்குக் கட்டு வையுங்கள். செலவு குறைவு, பலன் உடனடி. குப்பைமேட்டை மூடுங்கள்.

ஊருக்குள் விலங்கு வந்துவிட்டால் என்ன செய்வது என்பதை முன்கூட்டியே எழுதி வையுங்கள். 2018 ஜூனில் கிளிநொச்சி அம்பாள்குளத்தில் ஒரு சிறுத்தை அடித்துக் கொல்லப்பட்டது. அதற்கு முன் அது பலரைக் காயப்படுத்தியிருந்தது. பயந்த சனமும் பயந்த விலங்கும் ஒரே ஒழுங்கைக்குள் அகப்பட்டால் நடப்பது அதுதான். கூட்டத்தைப் பின்வாங்கச் செய்ய யார், தப்பும் வழியைத் திறந்துவிட யார், திணைக்களத்தின் 1992 இலக்கத்துக்கு அழைக்க யார் என்று மூன்று பேரை இப்போதே நியமியுங்கள்.

எந்தக் கதவைத் தட்டுவது

புதியவர்கள் நேராக வனஜீவராசிகள் அலுவலகத்துக்குப் போகிறார்கள். போக வேண்டும்தான். ஆனால் காட்டுயிரின் கோடைத் தண்ணீர் தீர்மானமாகும் இடம் வேறு: கோடைப் பயிரான சிறுபோகத்துக்கு முன் நடக்கும் பயிர்ச்செய்கைக் கூட்டம். குளத்தில் இத்தனை அடி நிற்கிறது, இத்தனை ஏக்கர் விதைக்கலாம் என்று அங்கேதான் முடிவாகிறது. அந்தக் கூட்டத்தில் உங்கள் நீர் நாட்காட்டியோடு எழுந்து, “இந்த மட்டத்துக்குக் கீழே துருசை (மதகை) திறக்க வேண்டாம், மாட்டுக்கும் காட்டு விலங்குக்கும் மீனுக்கும் அது வேண்டும்” என்று கேளுங்கள். மாட்டையும் மீனையும் சேர்த்துக் கேட்டால் பட்டிக்காரரும் மீனவரும் உங்கள் பக்கம் நிற்பார்கள். கமக்காரர் அமைப்புத் தலைவரிடம் கூட்டத்துக்கு முதல் நாளே பேசிவிடுங்கள். சபையில் வைத்துத் திடீரென்று கேட்டால் மறுப்புத்தான் வரும்.

காணி, குடியேற்றம், கல்லுடைப்பு, மணல் அகழ்வு பற்றிய தகவலுக்குக் கிராம அலுவலரும் பிரதேச செயலகமும். உங்கள் வரைபடத்தின் ஒரு பிரதியை இரண்டு இடத்திலும் திகதி முத்திரையோடு கொடுத்து வையுங்கள். பெரிய கட்டுமானம் ஏதாவது வருவதாகத் தெரிந்தால், 1937ஆம் ஆண்டின் விலங்கின, தாவரவினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின்படி தேசியப் பூங்கா போன்ற தேசிய ஒதுக்கு ஒன்றின் எல்லையிலிருந்து ஒரு மைலுக்குள் நடக்கும் அபிவிருத்தி வேலைக்கு வனஜீவராசிகள் பணிப்பாளர் நாயகத்தின் எழுத்து மூல அனுமதி தேவை என்பது ஞாபகம் இருக்கட்டும். அனுமதி எடுக்கப்பட்டதா என்று எழுத்தில் கேளுங்கள். கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு.

மாற வேண்டிய நேரம்

திட்டத்தில் சில எண்களை முன்கூட்டியே போட்டுவிடுங்கள். கட்டையின் இன்ன கோட்டுக்குக் கீழே தண்ணீர் போனால் பட்டிகள் அந்த மடுவை விட்டு அடுத்த குளத்துக்கு மாறும். இன்ன திகதிக்கு முன் மாரி தொடங்காவிட்டால் தீக் காவல் இன்னும் ஒரு மாதம் நீளும். இரண்டு கோடை தொடர்ந்து நாணலில் கொடுப்புலிக் காலடி காணாவிட்டால் அந்தக் கரையில் மாடு விடுவதை நிறுத்திப் பார்ப்போம். இப்படி முதலே பேசி முடித்திருந்தால், வெயில் கொளுத்தும் நாளில் சண்டை வராது.

ஒவ்வொரு வருடமும் தை மாதம் அறுவடைக்கு முன் ஒரு கூட்டம், ஆவணியில் ஒரு கூட்டம். கொப்பியைத் திறந்து போன வருட வரியையும் இந்த வருட வரியையும் பக்கத்தில் பக்கத்தில் வாசியுங்கள். வரைபடத்தில் நிறம் மாற வேண்டிய இடத்தில் மாற்றுங்கள்.

இதை வாசிக்கும் நேரம் கோடையாக இருந்தால் நல்லது, மோட்டை வற்றியிருக்கும். கட்டை, மை, அலவாங்கு, ஒரு கொப்பி. இடம் காட்டத் தெரிந்த பட்டிக்காரர் ஒருவரைக் கூட்டிக்கொண்டு, விடிய ஆறு மணிக்கே போய்விடுங்கள். பத்து மணிக்குப் பிறகு சேற்றில் காலடிகள் காய்ந்து உதிரத் தொடங்கிவிடும்.